விழும் பொருளின் வெப்பம்: வளரும் விண்மீன்கள் வீசும் எக்ஸ் கதிர்கள்

ஆயில்யத்தைத் தலையாகக் கொண்டு தென்வானில் நீண்டு கிடக்கும் ஹைட்ரா விண்மீன் குழுவில் டி.டபிள்யூ. ஹைட்ரே என்றொரு விண்மீன் உள்ளது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலானது. பூமியிலிருந்து ஏறத்தாழ 196 ஒளியாண்டு தொலைவு. வயது 80 லட்சம் முதல் 1 கோடி ஆண்டு. நிறை சூரியனைவிடச் சற்றுக் குறைவு. அதைச் சுற்றி வாயுவும் தூசும் கலந்த வட்டு ஒன்று சுழல்கிறது. அந்த வட்டிலிருந்து பொருள் இன்னும் விண்மீனின்மேல் விழுந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்குச் சூரிய நிறையில் 100 கோடியில் ஒரு பங்கு என்ற அளவு அது. கேட்க அற்பமாகத் தோன்றினாலும், ஏறத்தாழ 37 ஆண்டுகளில் நிலவின் முழு நிறைக்கு ஈடான பொருள் சேர்ந்துவிடும்.

இந்த விண்மீன் சூரியனைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலாக எக்ஸ் கதிர்களை வீசுகிறது. அவை எங்கிருந்து வருகின்றன? இரண்டு விடைகள் சாத்தியம். விண்மீன் தன் காந்தப்புலத்தால் தானே சூடாக்கிக்கொண்ட மேல் வளிமண்டலமான கொரோனாவிலிருந்து வரலாம். வட்டிலிருந்து விழும் வாயு மேற்பரப்பில் மோதிச் சூடேறியும் வீசலாம். முதலாவது விண்மீனைப் பற்றிய செய்தி. இரண்டாவது அது வளரும் விதத்தைப் பற்றிய செய்தி. இரண்டும் ஒரே ஒளிப்புள்ளியிலிருந்து கலந்தே வந்து சேர்கின்றன.

இவற்றைப் பிரித்தறியும் முயற்சி 40 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. அந்த ஆய்வுகள் முதலில் இரண்டையும் வெற்றிகரமாகப் பிரித்தன. பிறகு, அந்தப் பிரிவினை முழுமையானதல்ல என்பதையும் காட்டின. விழும் பொருள் தன் பங்குக்கு எக்ஸ் கதிரை வீசுவதோடு விண்மீனின் கொரோனாவையும் மாற்றியமைக்கிறது. விண்மீனிலிருந்து கிளம்பும் கதிர்கள் வட்டைத் தாக்கி, இனி எவ்வளவு பொருள் விழும் என்பதில் கை வைக்கின்றன. விண்மீனின் வளர்ச்சியையும் வட்டின் ஆயுளையும் தனித்தனிக் கணக்குகளாகப் போட முடியாது என்பதே இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் பாடம்.

பொருள் எப்படி விழுகிறது

1852-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ரஸ்ஸல் ஹைண்ட், ரிஷப ராசியில் ரோகிணிக்குச் சற்றுத் தள்ளி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றையும் அதன் அருகே ஒரு நெபுலாவையும் கண்டார். அந்த விண்மீன்தான் டி டாரி. 1945-இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் ஆல்ஃபிரட் ஜாய், இதே போக்குள்ள விண்மீன்களைத் தொகுத்து டி டாரி வகை என்று பெயரிட்டார். ஒழுங்கற்ற ஒளிமாற்றம், வலுவான ஹைட்ரஜன் உமிழ்வுக் கோடுகள், கருமேகங்களின் அண்மை ஆகியவை அவ்வகையின் அடையாளங்கள். இவை அண்மையில் பிறந்தவை என்று அடுத்த சில ஆண்டுகளில் வாதிட்டவர் ஆர்மீனிய வானியலாளர் விக்டர் அம்பார்ட்சுமியன்.

வட்டிலிருந்து விண்மீனுக்குப் பொருள் எப்படிச் சேர்கிறது என்பதில் தொடக்கத்தில் நிலவிய கருத்து எளிமையானது. வட்டு விண்மீனின் இடுப்புவரை நீண்டிருக்கும்; வேகமாகச் சுழலும் வாயு, மெதுவாகச் சுழலும் மேற்பரப்பை உரசி வெப்பமடையும். டொனால்ட் லிண்டன்-பெல்லும் ஜேம்ஸ் பிரிங்கிளும் 1974-இல் முன்வைத்த மாதிரியில் இந்த எல்லை அடுக்குக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் நிறமாலைகளை நுணுகிப் பார்த்தபோது, வாயு விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் விண்மீனை நோக்கிப் பாய்வதற்கான உட்கவர் கோடுகள் தெரிந்தன. உரசிக்கொண்டு மெல்ல நுழையும் வாயுவுக்கு அந்த வேகம் பொருந்தாது. ஏறக்குறைய தடையின்றி விழும் பொருளுக்கே அது பொருந்தும்.

1990-ஐ ஒட்டி மாக்ஸ் காமென்சிண்ட், அரீ கோனிகல் ஆகியோர் வேறொரு சித்திரத்தை டி டாரி விண்மீன்களுக்குப் பொருத்தினார்கள். நியூட்ரான் விண்மீன்களுக்காகப் பிரணாப் கோஷும் ஃபிரெடரிக் லாம்பும் 1970-களில் வகுத்த காந்தக் கோட்பாடு அதற்கு அடித்தளம். விண்மீனின் காந்தப்புலம் வட்டின் உள்விளிம்பைச் சில விண்மீன் ஆரத் தொலைவிலேயே நிறுத்திவிடுகிறது. அங்கிருந்து அயனியாகிய வாயு காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு வளைந்து எழும்பி, மேற்பரப்பின் சில இடங்களில் மட்டும் செங்குத்தாக வந்து விழுகிறது. பின்னர் நேரடி அளவீடுகளும் இதற்குத் துணை நின்றன. டி டாரி விண்மீன்களின் மேற்பரப்புக் காந்தப்புலம் சராசரியாக 2,000 முதல் 3,000 காஸ். சூரியனில் கரும்புள்ளிகளில் மட்டும் காணப்படும் வலிமை இவற்றில் மேற்பரப்பெங்கும் பரவியிருக்கிறது.

முதல் எக்ஸ் கதிர் அளவீடுகளும் ஒரு புதிரும்

1978 நவம்பரில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் விண்கலம்தான் இளம் விண்மீன்களை எக்ஸ் கதிரில் தெளிவாகக் காட்டியது. ஓரியன் நெபுலாவிலும் ரிஷபத்தின் கருமேகங்களிலும் டி டாரி விண்மீன்கள் ஒளிர்ந்தன. ரோ ஒஃபியூக்கி மேகத்தை மீண்டும் மீண்டும் நோக்கிய தியெரி மோன்மெர்ல் குழு, மூலங்கள் ஒரு முறை எரிந்து மறு முறை அணைவதைக் கண்டு 1983-இல் அதை எக்ஸ் கதிர்க் கிறிஸ்துமஸ் மரம் என்றது. சூரியத் தீப்பிழம்புகளைப் போன்ற, ஆனால் அவற்றைவிடப் பன்மடங்கு வலிய வெடிப்புகள் அவை. விளக்கம் காந்தக் கொரோனாவின் பக்கமே சாய்ந்தது.

இதற்கு மேலும் ஒரு சான்று கிடைத்தது. வட்டை இழந்துவிட்ட, பொருள் விழுவது நின்றுபோன இளம் விண்மீன்களும் எக்ஸ் கதிரில் பளிச்சென்று தெரிந்தன. 1990-இல் ஏவப்பட்ட ஜெர்மானிய ரோசாட் விண்கலம் இத்தகையவற்றை ஏராளமாகக் கண்டது. வட்டே இல்லாத விண்மீன் இவ்வளவு எக்ஸ் கதிர் வீசுமானால், அந்தக் கதிருக்கு விழும் பொருள் தேவையில்லை என்றாகிறது.

புதிர் இதற்கு அடுத்த படியில் எழுந்தது. 2003 ஜனவரியில், 1999-இல் ஏவப்பட்டிருந்த சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம் ஓரியன் நெபுலாவை மட்டும் ஏறத்தாழ 13 நாட்களுக்குள் 8,38,000 விநாடிகள் உற்று நோக்கியது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய ஆய்வகம் அது. எரிக் ஃபைகல்சன் தலைமையிலான அந்தத் திட்டம் 1,600-க்கும் மேற்பட்ட மூலங்களைப் பதிவு செய்தது. பெரும்பாலானவை இளம் விண்மீன்கள். அவற்றை வகைப்படுத்தியபோது, பொருள் திரட்டும் விண்மீன்களின் எக்ஸ் கதிர் ஒளிர்வு, திரட்டாதவற்றைவிடச் சராசரியாக 2 முதல் 3 மடங்கு குறைவாக இருந்தது. கூடுதலாக ஓர் ஆற்றல் மூலம் இருக்கும் இடத்தில் கூடுதல் கதிரை எதிர்பார்ப்பதே இயல்பு. கிடைத்ததோ குறைவு. ஐன்ஸ்டைன் காலத்திலேயே ஃபிரெடரிக் வால்ட்டரும் லியோனார்ட் குஹியும் இந்தப் போக்கைக் கவனித்து, கொரோனா மூச்சுத் திணறிக் கிடக்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். ஓரியன் அளவீடு அதைப் புள்ளிவிவர அடிப்படையில் உறுதிசெய்தது.

வேகம் வெப்பமாகும் கணக்கு

விழும் பொருள் எவ்வளவு சூடாகும் என்பதை இயற்பியலின் எளிய சூத்திரம் ஒன்றைக் கொண்டே சொல்லிவிடலாம். ஒலியைவிட மிக விரைவாக வரும் வாயு திடீரென்று தடுக்கப்படும்போது அதிர்ச்சி அலை உருவாகிறது. அலையைக் கடந்ததும் வாயுவின் வேகம் நான்கில் ஒன்றாகக் குறைந்து, அடர்த்தி நான்கு மடங்காகக் கூடுகிறது. இழந்த இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. வெப்பநிலை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். விநாடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 12 லட்சம் கெல்வின். 500 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 34 லட்சம் கெல்வின். டி டாரி விண்மீனின் ஈர்ப்பு தரக்கூடிய வேகம் இந்த எல்லைக்குள்தான் அடங்கும். ஆகவே விழும் பொருளின் எக்ஸ் கதிர் ஆற்றல் குறைந்த, மென்மையான கதிராகவே இருக்க முடியும்.

இளம் விண்மீன்களின் கொரோனாவோ 1 கோடி முதல் 3 கோடி கெல்வின் வரை எளிதில் எட்டும். வெடிப்பு நேரத்தில் 10 கோடியையும் தொடும். இரண்டுக்கும் வெப்பநிலையில் இடைவெளி இருக்கிறது. ஆனால் அதுமட்டும் போதாது. கொரோனாவிலும் குளிர்ந்த பகுதிகள் உண்டு. 20, 30 லட்சம் கெல்வின் என்பது சூரியக் கொரோனாவுக்கும் பழக்கமான வெப்பநிலைதான். மென்மையான கதிரைக் கண்டவுடன் அது விழும் பொருளிலிருந்து வந்தது என்று முடிவு செய்ய முடியாது.

அடர்த்தியில்தான் இரண்டும் தெளிவாகப் பிரிகின்றன. கொரோனா மெல்லியது: சூரியனின் செயல் மிகுந்த பகுதிகளிலும் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1,000 கோடி எலக்ட்ரான் என்ற அளவைச் சுற்றியே இருக்கும். சிறு பரப்பில் குவிந்து விழும் வாயு, அதிர்ச்சி அலையைக் கடந்தபின் அதைப்போல் நூறு மடங்கோ அதற்கு மேலோ நெருக்கமாக இருக்க வேண்டும். பல நூறு ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு புள்ளியில் அடர்த்தியை அளக்க முடிந்தால் வழக்கு தீரும்.

நியானின் மூன்று கோடுகள்

எட்டு எலக்ட்ரான்களை இழந்து இரண்டை மட்டும் வைத்திருக்கும் நியான் அயனி இதற்கு வழிகாட்டியது. ஹீலியத்தை ஒத்த இந்த அயனி, 13.4 முதல் 13.7 ஆங்ஸ்ட்ராம் வரையிலான குறுகிய இடத்தில் மூன்று நிறமாலைக் கோடுகளைத் தருகிறது. ஒன்று வலியது, உடனே நிகழ்வது. ஒன்று இடைப்பட்டது. மூன்றாவது, விலக்கப்பட்ட கோடு எனப்படுவது, நெடுநேரம் கிளர்ந்த நிலையில் காத்திருக்கும் எலக்ட்ரான் கீழிறங்கும்போது பிறக்கிறது. வாயு மெல்லியதாக இருந்தால் எலக்ட்ரானுக்கு அந்த அவகாசம் கிடைக்கும். அடர்த்தி மிகுந்தால் அதற்குள் வேறொரு துகள் வந்து மோதி, அதை இடைப்பட்ட கோட்டுக்கான நிலைக்குத் தள்ளிவிடும். விலக்கப்பட்ட கோடு தேயும். இடைப்பட்ட கோடு வலுக்கும். இரண்டின் விகிதம் அடர்த்தியைச் சொல்லிவிடும். ஆலன் கேப்ரியலும் கரோல் ஜோர்டனும் 1969-இல் சூரியனுக்காக வகுத்த முறை இது.

2000 ஜூலையில் சந்திராவின் நிறப்பிரிகைக் கீற்றணி டி.டபிள்யூ. ஹைட்ரேயை நோக்கியது. ஜோயல் காஸ்ட்னர் குழு 2002-இல் வெளியிட்ட முடிவு: வெப்பநிலை ஏறத்தாழ 30 லட்சம் கெல்வின், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10 லட்சம் கோடி எலக்ட்ரான் அளவில். இரண்டு எண்களும் கொரோனாவுக்குப் பொருந்தவில்லை. விழும் பொருளின் கணக்கோடு இரண்டும் பொருந்தின. பொருள் திரட்டலால் பிறந்த எக்ஸ் கதிருக்கு நிறமாலைவழிச் சான்று முதன்முதலில் கிடைத்தது இங்கேதான்.

எதிர்வாதமும் உண்டு. வலிய புற ஊதா ஒளியும் காத்திருக்கும் எலக்ட்ரானை இடம் மாற்றக்கூடும். அப்போது மெல்லிய வாயுகூட அடர்ந்ததைப்போல் தோன்றும். ஆனால் நியானுக்கு அதைச் செய்யத் தேவையான புற ஊதாச் செறிவு மிகமிக அதிகம். பின்னர் பி.பி. டாரி, வி4046 சஜிட்டாரி போன்ற வேறு விண்மீன்களிலும் அதே போக்கு தெரிந்தது. எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் விண்கலத்தைக் கொண்டு பெயாட்டே ஸ்டெல்சரும் யுர்கன் ஷ்மிட்டும் 2004-இல் இன்னொரு தடயத்தைச் சேர்த்தார்கள். டி.டபிள்யூ. ஹைட்ரேயின்மேல் விழும் வாயுவில் நியான் மிகுந்தும் இரும்பு முதலியவை குறைந்தும் இருந்தன. நியான் மந்த வாயு. தூசுத் துகளில் ஒட்டாது. மற்ற தனிமங்கள் தூசில் உறைந்து, வட்டிலேயே தங்கி, பெரிய திரள்களாக வளர்ந்திருந்தால் விழும் வாயுவின் சேர்க்கை இப்படித்தான் இருக்கும். கோள்கள் உருவாகும் பொருள் எங்கே தங்கியது என்பதற்கான குறிப்பு, விண்மீன் வீசும் எக்ஸ் கதிரில் கிடைத்தது.

ஆக்ஸிஜன் கலைத்த கணக்கு

வழக்கு தீர்ந்தது என்று தோன்றிய நிலையில், நான்சி பிரிக்ஹவுஸ் தலைமையிலான குழு 2007-இல் சந்திராவை மீண்டும் அதே விண்மீனின் பக்கம் திருப்பியது. இம்முறை மொத்தம் 4,89,000 விநாடிகள். முதல் நோக்கலைப்போல் பத்து மடங்கு. 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வில் நியான் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டது: 25 லட்சம் கெல்வின், கன சென்டிமீட்டருக்கு 3 லட்சம் கோடி எலக்ட்ரான். ஆக்ஸிஜன் முரண்பட்டது.

அதிர்ச்சி அலையைக் கடந்த வாயு கீழே இறங்க இறங்கக் குளிரும். குளிரக் குளிர நெருங்கும். ஆக்ஸிஜனின் கோடுகள் நியானைவிடக் குளிர்ந்த பகுதியிலிருந்து வருவதால், அங்கே அடர்த்தி கூடியிருக்க வேண்டும். அளந்ததோ 57,000 கோடி. கோட்பாடு சொன்னதைவிட ஏழு மடங்கு குறைவு. அந்த மெல்லிய வாயு நிறைந்திருந்த கன அளவு, மோதல் நடக்கும் பகுதியைப்போல் 300 மடங்கு. அதன் நிறை 30 மடங்கு.

இவ்வளவு வாயு எங்கிருந்து வந்தது? குழாயடியில் குடம் நிரம்பிய பிறகும் விழும் நீர் சுற்றிலும் தெறிப்பதுபோல, மோதலின் ஆற்றல் சுற்றியுள்ள விண்மீன் வளிமண்டலத்தைச் சூடாக்கி, பக்கத்திலுள்ள காந்த வளைவுகளுக்குள் ஏற்றியிருக்க வேண்டும் என்றது குழு. கொரோனா தன் காந்தத்தால் மட்டும் எரியவில்லை. விழும் பொருளும் அதற்குத் தீனி போடுகிறது. சொந்தக் கதிர், வந்த பொருளின் கதிர் என்று போட்ட கோடு இந்த இடத்தில் மங்கிப்போனது.

மோதல் எந்த இடத்தில் நடக்கிறது என்பதும் பின்னர் தெரிந்தது. இரட்டை விண்மீனான வி4046 சஜிட்டாரியில், அடர்ந்த வாயுவின் கோடுகள் மட்டும் சுற்றுக்காலமான 2.4 நாளின் பாதிக்கு ஒரு முறை ஏறி இறங்குவதை கோஸ்டான்சா ஆர்ஜிரோஃபி குழு 2012-இல் காட்டியது. மோதும் இடம் சுழற்சியோடு பார்வைக்கு வந்து மறைகிறது. 2017-இல் அதே குழு டி.டபிள்யூ. ஹைட்ரேயின் கோடுகளில் டாப்ளர் நகர்வை அளந்தது: சூடான வாயு விநாடிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைவிட்டு விலகி, விண்மீனின் உள்நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. இந்த விண்மீனை நாம் ஏறக்குறைய துருவத்துக்கு நேர் மேலிருந்து பார்க்கிறோம். மோதல் துருவத்தருகே நடந்தால் வேகம் இதைவிட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மோதல் நடுக்கோட்டை ஒட்டிய தாழ் அகலாங்கில் நடக்கிறது என்பது முடிவு.

மறையும் கதிர்

இன்னொரு முரண் மிஞ்சியது. ஒரு விண்மீனில் ஆண்டுக்கு எவ்வளவு பொருள் விழுகிறது என்பதைப் புற ஊதா, காணுறு ஒளி ஆகியவற்றின் மிகை ஒளியைக் கொண்டும் கணக்கிடலாம். எக்ஸ் கதிரைக் கொண்டும் கணக்கிடலாம். ஒரே நிகழ்வின் இரு அளவுகள் ஒத்துப்போக வேண்டும். பல விண்மீன்களில் எக்ஸ் கதிர்க் கணக்கு பத்து மடங்கு வரையும் சிலவற்றில் அதற்கு மேலும் குறைவாக வந்தது. பெரும்பகுதிக் கதிர் வெளியேறும் முன்பே விழுங்கப்படுகிறது என்பதே இதற்கு இயல்பான விளக்கம். விழும் வாயு கனமாக இருந்தால் அதிர்ச்சி அலை மேற்பரப்புக்குள் ஆழப் புதைந்துவிடும். சுற்றியுள்ள குளிர்ந்த வாயு மென் கதிரைத் தடுத்துவிடும்.

இதைச் சோதிக்க எதிர்பாராத இரு களங்கள் கிடைத்தன. 2011 ஜூன் 7 அன்று சூரியனில் பெரும் வெடிப்பு நிகழ்ந்து, தூக்கி வீசப்பட்ட வாயுத் துண்டுகள் விநாடிக்கு 300 முதல் 450 கிலோமீட்டர் வேகத்தில் மீண்டும் சூரியப் பரப்பில் விழுந்தன. டி டாரி விண்மீன்களில் நடப்பதற்கு மிக நெருங்கிய வேகம் அது. நாசாவின் சூரிய இயக்க ஆய்வகம் அதைப் படம்பிடித்திருந்தது. ஃபாபியோ ரியாலே குழு 2013-இல் அந்தப் படங்களைக் கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டு, மோதிய இடங்கள் பளிச்சிட்டதையும், ஒளியில் ஒரு பகுதியை விழும் வாயுவே மறைத்ததையும் விளக்கியது. நாம் வேறு எந்த விண்மீனிலும் பிரித்துப் பார்க்க முடியாத நுணுக்கம் சூரியனில் கண்ணெதிரே கிடைத்தது.

இரண்டாவது களம் பிரான்ஸின் லூலி லேசர் ஆய்வகம். அங்கே லேசரால் உண்டாக்கிய பிளாஸ்மாவை, 20 டெஸ்லா காந்தப்புலத்தின் வழியே செலுத்தித் திண்பொருள் ஒன்றின்மேல் மோதவிட்டார்கள். மோதிய பிளாஸ்மா பக்கவாட்டில் சிதறி, காந்தப்புலத்தால் திருப்பப்பட்டு, மையத்தைச் சுற்றி ஓர் உறைபோல் படிந்தது. 2017-இல் வெளியான அந்த முடிவின்படி, அந்த உறை மையத்தின் எக்ஸ் கதிரை உறிஞ்சக்கூடியது. எக்ஸ் கதிர்க் கணக்கு ஏன் குறைகிறது என்பதற்கு இது சோதனைவழி ஆதரவு.

ஓரியன் புதிருக்கும் இதே திசையில் விளக்கம் தேடப்படுகிறது. விழும் வாயுத் தம்பங்கள் கொரோனாவின் முன் நின்று அதை மறைக்கலாம். கனமான குளிர்ந்த வாயு நிறைந்த காந்த வளைவுகளைச் சூடாக்க முடியாமல் போகலாம். வட்டு கொரோனாவின் வெளிப்பகுதியை வெட்டிவிடலாம். மூன்றில் எது உண்மையானாலும், பொருள் திரட்டல் கொரோனாவின் அமைப்பில் தலையிடுகிறது என்பது பொது.

எதிர்த் திசையில் ஒரு சான்று

தலையீடு எப்போதும் அடக்குவதாகவே இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஜே மெக்நீல் என்ற பயில்நிலை வானியலாளர், ஓரியனில் அதுவரை அறியப்படாத ஒரு நெபுலாவைத் தன் சிறிய தொலைநோக்கிப் படத்தில் கண்டார். வி1647 ஓரியானிஸ் என்ற இளம் விண்மீன் திடீரென்று பொருளை அள்ளி விழுங்கத் தொடங்கியதால் பிரகாசித்து, சுற்றியுள்ள மேகத்தை ஒளியேற்றியிருந்தது. வெடிப்புக்கு முன்பு 2002-இல் வேறு நோக்கத்துக்காக எடுத்த சந்திரா படத்தில் அந்த விண்மீன் தற்செயலாகப் பதிவாகியிருந்தது. ஒப்பிட்டபோது எக்ஸ் கதிர் ஏறத்தாழ 50 மடங்கு உயர்ந்திருந்தது.

இங்கே வெப்பநிலைதான் வியப்பு. கெஞ்ஜி ஹமகுச்சி குழு 2004 முதல் பல ஆண்டுகள் சந்திரா, எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன், சுசாகு ஆகிய மூன்று விண்கலங்களின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்து, பிளாஸ்மா 5 கோடி கெல்வின் அளவுக்குச் சூடாக இருப்பதையும், கதிர் ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒரு முறை ஏறி இறங்குவதையும் 2012-இல் காட்டியது. வெறும் விழும் வேகம் இந்த வெப்பத்தைத் தராது. விழும் பொருள் காந்தக் கோடுகளை முறுக்கி இழுக்க, அவை அறுந்து மீண்டும் இணையும்போது ஆற்றல் வெளிப்பட்டிருக்க வேண்டும். டி.டபிள்யூ. ஹைட்ரேயில் விழும் பொருள் கொரோனாவுக்கு வாயுவைத் தந்தது. வி1647 ஓரியானிஸில் அது காந்த ஆற்றலையே கிளறிவிட்டது.

கதிர் வட்டைத் திருப்பித் தாக்கும்போது

இதுவரை பார்த்தது வட்டு விண்மீனுக்குச் செய்வது. விண்மீன் வட்டுக்குச் செய்வது மறுபக்கம். வட்டின் வாயு பெரும்பாலும் குளிர்ந்தது, மின்னூட்டமற்றது. மின்னூட்டமற்ற வாயுவைக் காந்தப்புலம் பற்றிக்கொள்ள முடியாது. காந்தம் பற்றிக்கொண்டால்தான், ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் 1991-இல் வலியுறுத்திய காந்தச் சுழற்சி நிலையின்மை வட்டைக் கலக்கி, பொருளை உள்நோக்கி நகர்த்த முடியும். ஆல்ஃபிரட் கிளாஸ்கோல்ட் குழு 1997-இல் போட்ட கணக்கின்படி, விண்மீனின் எக்ஸ் கதிரே வட்டின் மேலடுக்குகளை அயனியாக்கப் போதுமானது. அந்த வகையில், பொருள் விழுவதற்கான வழியைத் திறப்பதில் எக்ஸ் கதிருக்கும் பங்குண்டு.

அதே கதிர் வழியை அடைக்கவும் செய்யும். எக்ஸ் கதிரால் சூடேறிய மேலடுக்கு வாயு ஈர்ப்பை மீறி வெளியேறுகிறது. ஜேம்ஸ் ஓவன், பார்பரா எர்கோலானோ, கேத்தி கிளார்க் ஆகியோரின் 2010 மாதிரிகளில், சாதாரண டி டாரி விண்மீனின் வட்டு இப்படி ஆண்டுதோறும் கணிசமான வாயுவை இழக்கிறது. வெளியேற்றம் விழும் அளவை மிஞ்சும் நாளில், உள்வட்டுக்கு வரும் பொருள் நின்று, வட்டு உள்ளிருந்து காலியாகத் தொடங்கும். கோள்கள் உருவாகக் கிடைக்கும் சில பத்து லட்சம் ஆண்டுகளின் நீளத்தை இந்தப் போட்டி தீர்மானிக்கக்கூடும். இத்தகைய வெளியேற்றத்தின் தடயமும் கிடைத்திருக்கிறது: அயனியாகிய நியான் 12.8 மைக்ரான் அகச்சிவப்பில் ஒளிரும் என்று கிளாஸ்கோல்ட் குழு முன்கூட்டியே சொன்ன கோட்டை ஸ்பிட்சர் தொலைநோக்கி 2007-இல் கண்டது. சிலியிலுள்ள பெருந்தொலைநோக்கியைக் கொண்டு இலாரியா பாஸ்குச்சியும் மிக்கேல் ஸ்டெர்சிக்கும் 2009-இல், அந்த வாயு வட்டைவிட்டு நம்மை நோக்கி மெல்ல வெளியேறுவதை டி.டபிள்யூ. ஹைட்ரே உட்படச் சில விண்மீன்களில் அளந்தார்கள்.

இந்தப் பின்னணியில் ஓரியன் புதிரைத் தலைகீழாகவும் படிக்கலாம். ஜெரமி டிரேக் குழு 2009-இல் அப்படியே படித்தது: பொருள் விழுவதால் எக்ஸ் கதிர் குறைகிறது என்று ஏன் கொள்ள வேண்டும்? எக்ஸ் கதிர் வலுவாக உள்ள விண்மீன்களில் வட்டு விரைவாக வெளியேற்றப்படுவதால் விழும் பொருள் குறைகிறது என்றும் கொள்ளலாம். ஒரே புள்ளிவிவரத்துக்கு இரண்டு காரண வரிசைகள். இரண்டும் ஒருசேர நடக்கவும் தடையில்லை.

எதை அளக்க வேண்டும்

இவற்றைத் தீர்க்கத் தேவைப்படும் தரவு, இப்போது கிடைப்பதற்கு அரிதாகிவருகிறது. சந்திராவின் உணர்கருவி முன்னுள்ள வடிகட்டியில் ஆண்டுக்கு ஆண்டு படிந்துவரும் மாசு, மென் எக்ஸ் கதிருக்கான அதன் உணர்திறனைக் குறைத்துவிட்டது. 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிஸம் விண்கலத்தின் நுண் நிறமாலைமானி சிறப்பாக இயங்கினாலும், அதன் வாயில் தடுப்பு திறக்காததால் 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழான கதிர் உள்ளே வருவதில்லை. நியானின் மூன்று கோடுகள் 0.92-ஐ ஒட்டியும் ஆக்ஸிஜனுடையவை 0.57-ஐ ஒட்டியும் உள்ளன. எக்ஸ்.எம்.எம்.-நியூட்டனின் கீற்றணிதான் இப்போதைக்கு முக்கியத் துணை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் நியூ அதீனா விண்கலம் 2030-களின் பிற்பகுதிக்குத்தான் திட்டமிடப்பட்டுள்ளது.

மென் கதிரை இழப்பது இந்தத் துறைக்குச் சிறிய இழப்பன்று. வட்டிலிருந்து வாயுவை வெளியேற்றுவதில் மிகத் திறன் வாய்ந்தது 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழான பகுதி என்பதை மாதிரிகள் காட்டுகின்றன. விழும் பொருள் தன் மோதலில் வீசுவதும் அதே பகுதியைத்தான். விழும் வாயுவே மறித்து உறிஞ்சுவதும் அதையேதான். ஆகவே வட்டின் மேற்பரப்பை எவ்வளவு மென் கதிர் சென்றடைகிறது என்பது, அந்த நேரத்தில் எவ்வளவு பொருள், எந்த அகலாங்கில், எத்தனை கனமான தம்பங்களாக விழுகிறது என்பதைப் பொறுத்து மாறும். வட்டுகளின் ஆயுளைக் கணக்கிடும் மாதிரிகள் பலவும் விண்மீனின் எக்ஸ் கதிர் ஒளிர்வை வெளியிலிருந்து ஒரு நிலையான எண்ணாக உள்ளிடுகின்றன. டி.டபிள்யூ. ஹைட்ரேயும் வி1647 ஓரியானிஸும் காட்டிய பிறகு அந்த எண்ணை நிலையானதாகக் கொள்ள இடமில்லை. பொருள் திரட்டும் வேகத்தோடு சேர்ந்து மாறும் அளவாக அதை எழுதி, மென் கதிரையும் புற ஊதாவையும் ஒரே விண்மீனில் ஒரே நாளில் அளந்து சரிபார்ப்பதே அடுத்த வேலை. ஒரு வட்டில் கோள்கள் உருவாக எவ்வளவு காலம் கிடைக்கிறது என்ற கேள்விக்கான விடை, அந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் உறுதிப்படும்.